சொக்கிலேற் கட்டடமும் என்ர இரண்டு இனிப்பும்

மருமோன்,

நீ ஸ்காபரோவில கஞ்சாக் கடை திறக்கப் போறியாம், அதுக்கு வீட்டை ஈடு வைக்கப் போறியாம் எண்டு கொம்மா ரெலிபோனில அழுதவ. நான் சிரிச்சனான். அதுக்கு அவ இன்னும் கூட அழுதவ. அவவுக்கு ஆறுதல் சொல்லுற வேலையை மாமியிட்ட விட்டிட்டு உனக்கு எழுத இருக்கிறன்.

பயப்பிடாதை, நான் உனக்கு ஒழுக்கம் படிப்பிக்க வரேல்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. ஏழாலைச் செம்மண்ணில இருபது வருசம் புகையிலை வைச்ச கை இது. துலா மிதிச்சு, பட்டையால இறைச்சு, கெட்டு முறிச்சு, குடில் போட்டுப் புகை குடுத்து, கட்டுக்கட்டா லொறியில ஏத்திவிட்டனாங்கள். ஆரின்ர நெஞ்சு கருகுது, ஆரின்ர சொண்டு வேகுது எண்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கொம்மாவின்ர சீதனக் காணி அந்தப் புகையில வந்தது. உன்ர உடம்பிலயும் அந்தப் புகை கொஞ்சம் ஓடுது. அதனால உன்ர யோசினை எனக்குப் புதினமில்லை; பரம்பரைத் தொழில்தானே, இலை மட்டும் வேற.

அந்தக் காலத்தில எங்கட புகையிலை கடல் கடந்து மலையாளத்துக்குப் போனது. இப்ப மலையாளத்துப் பேர் சொல்லி ‘கேரளா கஞ்சா’ வள்ளத்தில யாழ்ப்பாணக் கரைக்கு வந்து இறங்குதெண்டு கிழமைக்கு ஒருக்கால் பேப்பரில கிடக்கு. கடனைத் திருப்பித் தாறாங்கள் போல.

சரி, உன்ர கதைக்கு வாறன். “மாமா, 2018 ஒக்ரோபர் 17இல இருந்து இது சட்டமான சாமான், இனி ஆர் என்ன கேக்கிறது?” எண்டு நீ சொன்னதாக் கேள்வி. ஓம், ஒருத்தரும் கேக்கமாட்டினம். உருகுவே முதல், கனடா இரண்டாவதெண்டு நாடு முழுக்கத் திறந்துவிட்டவை. இதைச் சட்டமாக்கின ட்ரூடோவே, நாடாளுமன்ற உறுப்பினரா இருக்கேக்க ஒருக்கால் இழுத்துப் பாத்தனான் எண்டு 2013இல வாயால ஒத்துக்கொண்டவர். அவரைக் கேக்காதவை உன்னையோ கேக்கப் போகினம்? ஆனா, கேக்க ஆளில்லாத தொழிலில வாங்கவும் ஆளில்லாமல் போனால் என்ன செய்யிறதெண்டுதான் என்ர கேள்வி.

2019இல ஒன்ராறியோ முதல்முதலாக் கடை லைசன்ஸ் குடுக்கேக்க சீட்டுக் குலுக்கித்தான் குடுத்தவை. முழு மாகாணத்துக்கும் 25 பேர். விழுந்தவன் ராசா. கடை வாசலில ஆக்கள் குளிருக்குள்ள வரிசையில நிண்டவை. பிறகு குலுக்கிறதை நிப்பாட்டிக் கதவைத் திறந்தவை. இப்ப ஆயிரத்தைந்நூறுக்கு மேல கடை. ரொறன்ரோவில சில தெருவில பாண் வாங்க நாலு கட்டை நடக்க வேணும், கஞ்சா வாங்கத் திரும்பினால் போதும். அந்தக் கடையளுக்கெல்லாம் மொத்தவியாபாரி ஒரே ஆள், அரசாங்கம். உனக்கும் எதிர்க்கடைக்காரனுக்கும் ஒரே களஞ்சியம், ஒரே சாமான். விளம்பரமும் போடேலாது, கண்ணாடிக்கு வெளியில சாமான் தெரியவும் கூடாது. இளசுகளின்ர கண்ணில படக்கூடாதெண்டு மூடச் சொன்னால், மூடின கடைக்குள்ள கள்ளன் நிம்மதியாக் களவெடுப்பான். அல்பேர்ட்டாக்காரர் அப்பிடிப் பட்டு அறிஞ்சுதான் 2022இல கண்ணாடியைத் திறக்க விட்டவை. இனி நீ என்னத்தைக் காட்டி ஆளைக் கூப்பிடப் போறாய்? விலையைக் குறைச்சு. எதிர்க்கடைக்காரனும் குறைப்பான். பிறகு இரண்டு பேரும் சேந்து லீஸ்காரனுக்கு உழைப்பியள்.

உன்ர கணக்கில ஒண்டு மட்டும் எனக்குப் பிடிச்சது. மார்க்கத்தில கடை வைக்க விடமாட்டம் எண்டு நகரசபை தீர்மானிச்சிருக்கு. எங்கட சனம் கனபேர் பெரிய வீடு வாங்கி அங்கதான் இருக்கினம். ஸ்டீல்ஸ் றோட்டைக் கடந்தால் ஸ்காபரோ. பண்பாடு வடக்குப் பக்கம், பார்க்கிங் தெற்குப் பக்கம். அந்த றோட்டோரமாக் கடை பாத்த உன்ர மூளைக்கு நூற்றுக்கு நூறு. அதே மூளை இன்னும் எத்தினை பேருக்கு வேலை செய்திருக்கெண்டு ஒருக்கால் கார் எடுத்துக்கொண்டு போய் எண்ணிப் பாத்திட்டு வா.

உனக்கு ஒரு கட்டடத்தின்ர கதை சொல்லவேணும். ஒட்டாவாவுக்குத் தெற்கால ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் எண்டு ஒரு சின்ன ஊர். ஒன்பதினாயிரம் சனம் இருக்கும். ஹேர்ஷி சொக்கிலேற் கொம்பனி அங்க பெரிய தொழிற்சாலை வைச்சிருந்தது. ஊரே சொக்கிலேற்றால சீவிச்சது. 2008இல கொம்பனி கதவைப் பூட்டிக்கொண்டு போட்டுது. ஊர் கிழவி மாதிரி வாசலில குந்திக்கொண்டிருந்தது. 2014இல அந்தச் சொக்கிலேற் கட்டடத்துக்குள்ள கஞ்சா வளக்க ஒரு கொம்பனி வந்தது. ட்வீட் எண்டு தொடங்கி, கெனொப்பி குரோத் எண்டு பெரிசாச்சுது. சட்டம் வருகுதெண்ட உடன கொரோனா பியர் வியாபாரம் செய்யிற கொன்ஸ்டலேசன் கொம்பனி 2018இல ஐஞ்சு பில்லியன் கனேடிய டொலரைக் கொண்டுவந்து கொட்டினது. ஐஞ்சு பில்லியன், மருமோன்! புகையிலையில நாங்கள் இவ்வளவு நாளும் கண்ட காசெல்லாம் அதில வட்டிக்கும் காணாது. சட்டம் வந்த இரவு, நாட்டில முதல் பொழுது விடியிற நியூஃபவுண்ட்லாந்தில, கொம்பனித் தலைவர் புரூஸ் லிண்டன் தானே கல்லாவில நிண்டு நடுச்சாமத்தில முதல் கிராமை வித்தவர்.

ஒன்பது மாசம்! 2019 யூலையில அவரைப் பதவியில இருந்து எழுப்பிவிட்டவை. காசு போட்டவன் லாபம் எங்க எண்டு கேட்டிருப்பான். பங்கு விலை உச்சியில இருந்து நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல விழுந்தது. 2023 மாசியில எண்ணூறு பேரை வீட்டை அனுப்பி, அந்தச் சொக்கிலேற் கட்டடத்தை மூடுறம் எண்டு அறிவிச்சவை. பிறகு அதைத் திருப்பி வாங்கினது ஆர் தெரியுமோ? ஹேர்ஷிதான். 53 மில்லியன் டொலருக்கு. போன மாடு கண்டோட திரும்பிவந்த மாதிரி.

இதில சூத்திரம் ஒண்டுமில்லை. எங்கட ஊரில ஒரு வருசம் புகையிலைக்கு நல்ல விலை எண்டால் அடுத்த வருசம் வெங்காயம் வைச்சவன், மிளகாய் வைச்சவன், தோட்டமே இல்லாத வாத்தியார் கூடக் குத்தகைக்கு எடுத்துப் புகையிலை வைப்பார். பிறகு குடிலுக்குள்ள கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். கனடாவிலயும் அதுதான். ஆளுக்காள் கண்ணாடிக் கூடாரம் கட்டினவை. விக்கேலாமல் 2021இல மாத்திரம் நானூறு தொன்னுக்கு மேல அழிச்சவை. வரியையும் கேள்: கிராமுக்கு ஒரு டொலர், அல்லது விலையில நூற்றுக்குப் பத்து, எது கூடவோ அது. கிராம் பத்து டொலர் போகும் எண்டு கனாக் கண்டு போட்ட கணக்கு. விலை மூண்டுக்கு இறங்கினாலும் அந்த ஒரு டொலர் இறங்காது. அப்ப மூண்டில ஒரு பங்கு அரசாங்கத்துக்கு. ஊரில தரகன்கூட இவ்வளவு கேக்கமாட்டான்.

பெரிய மனிசரும் தப்பேல்லை. ரொறன்ரோ பொலிசுக்குத் தலைவரா இருந்த ஜூலியன் ஃபன்ரீனோவை அறிவாய். கஞ்சாவைச் சட்டமாக்கிறதெண்டால் கொலையையும் சட்டமாக்கலாம் எண்ட மாதிரிக் கதைச்சவர். பிறகு பாத்தால் அலெயாஃபியா எண்டு ஒரு கஞ்சாக் கொம்பனிக்கு அவர்தான் தலைவர்! அந்தக் கொம்பனியும் 2023இல கடன்காரரிட்ட இருந்து நீதிமன்றத்திட்டப் பாதுகாப்புக் கேட்டது. பொலிஸ் தலைவருக்கே ஓடாத வண்டில் இது. நீ அதுக்குக் கொம்மாவின்ர வீட்டைச் சில்லாப் பூட்டப் போறாய்.

காசை விடு. சாமானைப் பற்றிச் சொல்லுறன், அதில எனக்கு இப்ப நேரடி அனுபவம் உண்டு. கொம்மாவுக்குச் சொல்லாதை.

போன மாரியில முழங்கால் வலி. என்னோட பார்க்கில நடக்கிற ஒரு கிழவர், பேர் வேண்டாம், “கஞ்சா இனிப்பு ஒண்டு வாயில போட்டால் வலி பறந்திடும்” எண்டவர். நானும் போய்ச் சட்டப்படி ஒரு பக்கற் வாங்கினன். உள்ளுக்குள்ள இரண்டே இரண்டு. ஒரு பக்கற்றுக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல போடக்கூடாதெண்டு சட்டம். குழந்தை திறக்கேலாத உறையாம். எனக்கும் கத்திரிக்கோல் வேண்டி வந்தது. ஒண்டைத் திண்டன். அரை மணித்தியாலம், ஒண்டுமில்லை. ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு மற்றதையும் திண்டன். அங்கதான் பிழை. புகைச்சால் உடன தலைக்கு ஏறும். திண்டால் ஈரல் வழியாச் சுத்தி வர ஒரு மணி, இரண்டு மணித்தியாலமும் எடுக்கும், வந்தால் லேசிலை போகாது. இரண்டும் சேந்து வந்தது. குளியலறையில மாமி என்னைப் பிடிக்கேக்க, நான் துலாவில நிக்கிறன், கீழ கிணறு தெரியேல்லை எண்டு கத்தினனாம். முழங்கால் வலி இருந்ததோ எண்டு கேக்காதை. முழங்கால் எங்க இருந்ததெண்டே எனக்குத் தெரியாது.

நான் கிழவன், சிரிக்கலாம். குழந்தையள் அதே இனிப்பை எடுத்தால்? ஒன்ராறியோவில பத்து வயசுக்குக் கீழ கஞ்சா விசத்தோட அவசர சிகிச்சைக்கு வாற பிள்ளையள், இனிப்பு வகை கடைக்கு வந்த பிறகு மாசக் கணக்கில ஒன்பது மடங்கு கூடிப்போச்சினம். தொகை பெரிசில்லை, 2016 தொடங்கி 2021 வரை ஐந்நூறு சொச்சம் வருகைதான். பிள்ளையளுக்குப் பிடிச்ச இனிப்பும் சொக்கிலேற்றும் கஞ்சாவோட விக்கக்கூடாதெண்டு கியூபெக் மறிச்சது. அங்க ஆசுப்பத்திரியில மறிபடுற பிள்ளையளின்ர தொகையும் அவ்வளவு கூடேல்லை. மருந்துக்குப் பத்தியம் வைச்ச பரியாரியாரின்ர மூளை அவங்களுக்கு இருந்திருக்கு.

காரோட்டம் இன்னொண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில விபத்தில காயப்பட்டு வந்த சாரதிமாரின்ர இரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தவை. கஞ்சா இருந்தவை முந்தி நூற்றுக்கு ஒன்பது, சட்டத்துக்குப் பிறகு பதினெட்டு. கூடினதில முன்னுக்கு நிண்டவை பெடியள் எண்டு நினைக்கிறாய், இல்லையோ? ஐம்பது வயசுக்கு மேற்பட்டவை! முழங்கால் வலிக்காரர் போல. மனச்சிதைவு நோயும் இருக்கு. ஒன்ராறியோவில புதுசா அந்த நோய் வந்தவையில, கஞ்சாப் பழக்கத்தோட தொடர்புள்ளவை நூற்றுக்கு நாலுக்குக் கிட்ட இருந்து பத்துக்கு ஏறிப்போச்சினம். மொத்தத்தில நோய் கூடேல்லை எண்டும் அதே ஆய்வு சொல்லுது. ஆகவே ஊரைக் கூட்டிக் கத்தத் தேவையில்லை. ஆனா குடும்பத்தில ஒருத்தருக்குப் புத்தி தடுமாறின வரலாறு இருந்தால் அந்த வீட்டுப் பெடியன் கிட்டப் போகக்கூடாது. உன்ர பெரியப்பரை நினைச்சுத்தான் சொல்லுறன்.

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நான் கள்ளன். 2017இல மாத்திரம் 48,000க்குக் கிட்டக் கஞ்சாக் குற்றங்களைப் பொலிஸ் பதிஞ்சது. அதில பெரும்பங்கு சும்மா பொக்கற்றில வைச்சிருந்ததுக்குத்தான். எங்கட ஆக்களின்ர பெடியள் சிலரும் அதில மாட்டி, வேலைக்குப் போகேலாமல், எல்லை தாண்டேலாமல் நிண்டது எனக்குத் தெரியும். இப்ப அது இல்லை. வாங்கிறவையில பத்துக்கு ஏழு பேர் சட்டக் கடையிலதான் வாங்கினம். கள்ளச் சாமானில என்ன கலந்திருக்கோ எண்ட பயம் குறைஞ்சது. சட்டம் பொலிசை வாசலில இருந்து எழுப்பிவிட்டது. அது நல்லதுதான். ஆனா சாமான்ர குணத்தையும் சந்தையின்ர குணத்தையும் எழுப்பிவிட அதால ஏலாது.

சனிக்கிழமை மாமி ஒடியல் கூழ் காய்ச்சிறா. நண்டும் இறாலும் நான் வாங்கி வைக்கிறன். கொம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்த லீஸ் பத்திரத்தையும் கொண்டு வா, கையெழுத்துப் போடாமல்.

இப்படிக்கு,
மாமா