பீரோ நகர்த்தலில் முயற்சி: ஒரு முன்னோட்ட ஆய்வு

முயற்சிக்கென்றே ‘ஆள்வினையுடைமை’ என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கியவர் வள்ளுவர். 62ஆம் அதிகாரம் அது. அதன் பத்துக் குறள்களில் ஒன்றிலும் பீரோ இல்லை. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியதே 1923இல்தான் என்பதால் வள்ளுவரையும் உரையாசிரியர் பரிமேலழகரையும் மன்னித்துவிடலாம். அதற்குப் பின் உரை எழுதியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் விட்டுவைத்த இடத்தில் இக்கட்டுரை கால் வைக்கிறது.

முதலில் ஆய்வின் எல்லை. வெள்ளையடிப்பை முன்னிட்டு வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூடி, நிறைந்திருக்கும் பீரோவை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோகும் நிகழ்வுகள் மட்டுமே இங்கே கணக்கில் வரும். தொழில்முறைச் சுமைதூக்கிகளையும் சேர்ப்பதாகத்தான் இருந்தது. இரண்டே பேர், கயிற்றை அடியில் கொடுத்துத் தூக்கி, பேச்சில்லாமல் மூன்றாம் மாடிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் முகத்தில் முயற்சியின் அறிகுறி எதையும் காண முடியாததால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டனர்.

இனி இயற்பியல். விசையை, அது நகர்த்திய தூரத்தால் பெருக்கினால் வருவதற்கு ‘வேலை’ என்று பெயர் சூட்டியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரரான கொரியோலிஸ். 1829இல் வெளியான நூலில் இதைச் செய்தார். இதன்படி, பெரிய மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் முட்டியும் பீரோ அசையவில்லை என்றால், அவர் பீரோவின் மேல் செய்த வேலை பூஜ்யம். அதே அரைமணியில் திண்ணையில் படுத்திருந்த சின்ன மாமாவின் கணக்கும் அதுவே. குடும்பத்தில் இந்தச் சமன்பாட்டைச் சொல்லிக் காட்டுவது உசிதமல்ல. உடலியல் பெரிய மாமாவின் பக்கம் நிற்கிறது. தசைக்குள் மயோசின் என்னும் புரதம், ஆக்டின் இழையைப் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும், ஆற்றல் தரும் ஓர் ஏடிபி மூலக்கூறு செலவு. பீரோ நகர்கிறதா என்று மயோசின் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே வியர்வை உண்மை, வேலை பூஜ்யம்.

மூன்றாவது வகை, உணரப்படும் முயற்சி. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் இதற்கு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். எவ்வளவு சிரமப்படுகிறோம் என்பதற்கு அவரவரே ஓர் எண் சொல்ல வேண்டும். அதைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு ஏறக்குறைய வரும். நம் வீடுகளில் மிக உயர்ந்த எண் நாற்காலியிலிருந்துதான் வருகிறது. “பாத்துடா, டைல்ஸ் கீறிடப் போவுது” என்று கையைப் பிசையும் பாட்டிக்கு 19க்குக் குறையாது.

கூட்டு முயற்சிதான் இத்துறையின் சுரங்கம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு, 1913இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்தால், தனியாக இழுக்கும்போது காட்டிய பலத்தில் ஆளுக்குப் பாதிதான் தேறுகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் காரணமாக இருக்கலாம் அல்லவா? 1974இல் அமெரிக்காவில் இங்கம் குழுவினர் அதையும் சோதித்தார்கள். ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் இழுப்பதுபோல் நடிக்க ஆட்களை ஏற்பாடு செய்தார்கள். துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பியதுமே முன்னால் இருந்தவரின் இழுவை குறைந்தது. நடிக்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது என்பதே நமக்கு விந்தை.

ஆனால் ரிங்கல்மானுக்கு மாப்பிள்ளை என்னும் மாறி தெரியாது. மாப்பிள்ளை பீரோவைத் தொட வேண்டும், தொடாவிட்டால் பேச்சாகும். தொட்டவுடன் “நீங்க எதுக்கு மாப்ள, விடுங்க” என்று நாலு குரல் எழ வேண்டும். எழாவிட்டால் அதைவிடப் பெரிய பேச்சாகும். “பரவால்ல மாமா” என்று அவர் இன்னொரு முறை தொட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். இம்முயற்சியில் விசையும் இல்லை, தூரமும் இல்லை, ஏடிபி சொற்பம். எனினும் ஊரில் ஆண்டுக்கணக்கில் நினைவுகூரப்படுவது இதுதான். இயற்பியல் இதற்கு ஓர் அலகு கண்டுபிடிக்காதது அத்துறையின் குறைபாடு.

பீரோவைக் காலி செய்துவிட்டுத் தள்ளினால் என்ன என்று வாசகர் கேட்கலாம். உராய்வு, எடைக்கு நேர்விகிதத்தில் கூடும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் அமோன்தோன் 1699இலேயே சொல்லிவிட்டார். பட்டுப்புடவைகளையும் பாத்திரங்களையும் எடுத்தாலே பாதித் தொல்லை தீரும். ஆனால் அமோன்தோன், லாக்கரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் லாக்கரைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும். இரண்டையும்விட மாமாவின் முதுகு மலிவு.

எல்லோரும் காபிக்கு ஒதுங்கிய வேளையில் அத்தை பீரோவைச் சற்றே சாய்த்து, கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துச் செருகி, ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் சேர்த்துவிடுகிறாள். உராய்வின் கெழுவைக் குறைத்தாள் என்பது நூல்வழி விளக்கம். “நாங்க அப்பவே அசைச்சு வெச்சதாலதான் வந்துச்சு” என்பது பெரிய மாமாவின் விளக்கம். எது சரி என்று நிறுவ, பீரோவைப் பழைய இடத்திலேயே வைத்து, மாமாவை விட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அத்தை சம்மதிக்கவில்லை.