உளியும் உலையும்

கே: கடையில் விதவிதமாகக் கடைசல் உளி விற்கிறார்களே! இரும்பை வாங்கி, அதோடு மல்லுக்கட்டி, நாமே உளி செய்ய வேண்டிய அவசியம் என்ன?
– ஒரு வாசகர், மதுரை

ப: எல்லா உளியையும் செய்ய வேண்டாம். கிண்ணம் குடைகிற கௌஜை வாங்கித்தான் ஆகவேண்டும். உருண்டைக் கம்பியில் நீளவாக்கில் ஒரே சீராகப் பள்ளம் எடுக்க மில்லிங் மிஷின் தேவை. ஆனால் நீங்கள் குங்குமச் சிமிழ் கடைகிறீர்கள் என்று வையுங்கள். வாய் இரண்டு விரல் அகலம், உள்ளே வயிறு அகன்றிருக்கிறது. அந்த வாய்க்குள் நுழைந்து பக்கவாட்டில் திரும்பிச் சுரண்டுகிற வளைந்த மூக்கு உளிக்கு எந்தக் கடைக்குப் போவீர்கள்? கடைக்காரர் எல்லோருடைய கைக்கும் பொதுவாகச் செய்து வைக்கிறார். உங்கள் சிமிழின் வயிறு அவருக்கு எப்படித் தெரியும்? நம் கடைசல்காரர்கள் கொல்லுப்பட்டறையில் பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் வளைங்கண்ணே" என்று சொல்லித்தான் உளி அடித்து வாங்கினார்கள். இன்று பல ஊர்களில் அந்தப் பட்டறை இல்லை. சொல்கிறவரும் அடிக்கிறவரும் ஒருவரே ஆகவேண்டியிருக்கிறது.

கே: மழுங்கிய அரங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. நல்ல இரும்பாயிற்றே, பிடி போட்டு உளியாக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், சேலம்

ப: வேண்டாம். எத்தனை பேர் "நான் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னாலும் வேண்டாம். அரம் நல்ல இரும்புதான்; அந்த நன்மையே இங்கே ஆபத்து. இன்னொரு இரும்பைத் தேய்ப்பதற்காக அதை உச்சக் கடினத்தில் விட்டிருக்கிறார்கள். வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். அதன் மேலுள்ள ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்கத் தோதான இடம். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றும் மரம் உளியின் மூக்கைப் பிடித்து இழுத்தால், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் துண்டு ஒடிந்து பறக்கும். அதற்கு நேர் எதிரே இருப்பது உங்கள் முகம். பல்லைச் சாணையில் தேய்த்துவிட்டு மறுபடி சூடாக்கிப் பதம் தணித்தால் பயன்படுத்தலாம் என்பார்கள். அவ்வளவு வேலை செய்யத் தயாராக இருப்பவர் புது இரும்பே வாங்கிவிடலாமே?

கே: அப்படியானால் எந்த இரும்பு? கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

ப: "ஓ.எச்.என்.எஸ். பட்டை" என்று கேளுங்கள். டூல் ஸ்டீல் விற்கிற கடைக்காரருக்கு உடனே புரியும். எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தால் கடினமாகிற, அதிகம் கோணிக்கொள்ளாத உருக்கு அது. மேலை நாடுகளில் இதையே ஓ-1 என்கிறார்கள். கார்பன் சுமார் 0.9 சதவீதம், மாங்கனீசு 1 சதவீதத்தை ஒட்டி, குரோமியமும் டங்ஸ்டனும் அரை சதவீதம் அளவில். கடையில் வாங்கும்போது மெதுவாகவே இருக்கும். ஹாக்ஸா பிளேடால் அறுக்கலாம், அரத்தால் ராவலாம், டிரில் போடலாம். வேண்டிய வடிவமெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் அதைக் கடினமாக்குகிறோம். வீட்டில் உளி செய்கிறவருக்கு இதைவிட அனுசரணையான இரும்பு கிடையாது. உருண்டையாக வேண்டுமானால் சில்வர் ஸ்டீல் கம்பி. அதில் வெள்ளி கிடையாது. பளபளப்பு மட்டும் உண்டு, கார்பன் 1 சதவீதத்துக்கு மேல்.

லாரி ஸ்பிரிங் பட்டையைப் பற்றியும் கேட்பீர்கள். அரிவாளுக்கு அது அருமை. அடி தாங்கும், ஒடியாது. கார்பன் குறைவு என்பதால் கடைசலில் கூர் சீக்கிரம் போகும். அதைவிட, பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். லாரி எத்தனை பள்ளத்தில் விழுந்து எழுந்தது என்று இரும்பு சொல்லாது.

பெயர் தெரியாத துண்டு கையில் இருந்தால் சாணையில் வைத்துப் பொறியைப் பாருங்கள். சாதா இரும்பு நீளமான கோடுகளாகப் பொறி விடும். கார்பன் கூடிய உருக்கு மத்தாப்பு மாதிரி கிளைகிளையாக வெடிக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் மங்கிய சிவப்பில் கொஞ்சமாகவே விடும். இது இனம் பிரிக்க மட்டுமே உதவும். தோய்ச்சலுக்கு எத்தனை டிகிரி என்று பொறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பெயர் தெரிந்த இரும்பை வாங்கச் சொல்கிறேன்.

கே: உருக்கு என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்கிறான் என் நண்பன்.
– ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

ப: உங்கள் மாவட்டத்திலேயே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் இரும்பும் உருக்கும் செய்த உலைகள் வெளிப்பட்ட ஊர். நண்பரைப் பேருந்தில் ஏற்றி அழைத்துப் போங்கள். தென்னிந்திய மூசை உருக்கின் தரம் கண்டு வியந்து அதை ஆராய்ந்தவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து உருக்குக் கலவைகள் பற்றி அவர் 1820-இல் ஆய்வுரை வெளியிட்டார்.

கே: வடிவம் கொடுத்தாயிற்று. இனி அதைக் கடினமாக்குவது எப்படி? ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறம் சொல்கிறார்கள்!
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: நிறத்தில் சண்டை வருவதற்குக் காரணம் வெளிச்சம். வெயிலில் நின்று பார்த்தால் நன்றாகச் சிவந்த இரும்பும் கறுப்பாகத் தெரியும். ஆகவே முதல் வேலை, நிழலுக்குப் போவது. மாலை மங்கிய நேரம் உத்தமம்.

இரண்டு மூன்று தீச்செங்கல்லை வைத்து ஒரு சிறிய பொந்து கட்டி, கேஸ் பர்னரால் சூடாக்கலாம். சிரட்டைக் கரியும் ஊதுகுழாயும் இருந்தால் அதுவும் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை மட்டும் நெருப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். உளி முழுவதும் கடினமாக வேண்டியதில்லை. மூக்கிலிருந்து மூன்று விரல் நீளம் போதும். பிடிக்குள் போகும் காம்பு மெதுவாகவே இருக்கட்டும். ஒடியாமல் காப்பது அதுதான்.

ஓ.எச்.என்.எஸ்.ஸுக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 790 முதல் 815 டிகிரி. இதைக் கண்டுபிடிக்க இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று காந்தம். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். கம்பியில் கட்டிய காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் போகவேண்டும். இரண்டாவது சாட்சி உங்கள் சமையலறையில் இருக்கிறது. சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகும். சிவந்த இரும்பில் ஒரு சிட்டிகை போடுங்கள். கண்ணாடி போல உருகி ஓடினால் பதம் வந்துவிட்டது. அதே சூட்டில் சில நிமிடம் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே" என்ற ஆசைதான் உளியைக் கெடுக்கிறது. மஞ்சள் நிறம் வரை போனால் உருக்கின் மணிகள் பெருத்து, உளி பார்க்க அழகாகவும் தொட்டால் உதிர்வதாகவும் ஆகும்.

பிறகு எண்ணெய். கடலை எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். கை பொறுக்காத அளவு, 50–60 டிகிரிக்கு, முன்பே சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் வெப்பத்தை மெதுவாகவே இழுக்கும். உளியை நெட்டுக்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் துழாவினால் ஒரு பக்கம் முன்னே குளிர்ந்து கோணிக்கொள்ளும். பாத்திரம் இரும்பாக இருக்கவேண்டும், மூடி கையருகே இருக்கவேண்டும், இடம் வெட்டவெளியாக இருக்கவேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆறியதும் அரத்தால் ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது. இந்த நிலையில் உளி கண்ணாடிதான். கீழே போட்டால் உடையலாம். பதம் தணிப்பதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உள்ளே இறுகி நிற்கும் உருக்கு இரவோடு இரவாகத் தானே விரிசல் விடுவதுண்டு. உப்பையும் கரியையும் துடைத்து, ஒரு பக்கத்தை எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, மூக்குக்குப் பின்னாலிருந்து இளஞ்சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம் மெல்ல நடந்து மூக்கை நோக்கி வரும். சுரண்டுகிற உளிக்கு இளம் வைக்கோல், ஏறக்குறைய 210 டிகிரி. சாய்வு உளிக்கு இன்னும் கொஞ்சம் போய் அடர் வைக்கோல், 240 வாக்கில். நிறம் மூக்கைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

கே: என் வீட்டுக்காரர் நான் கேக் செய்கிற அவனில் உளியை வைத்துப் பதப்படுத்துகிறார். அனுமதிக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ப: அனுமதிக்கலாம், நிபந்தனைகளோடு. எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்புப் போட்டுக் கழுவிய உளி மட்டுமே உள்ளே போகவேண்டும். 200 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம். நெருப்பில் காட்டுவதைவிட இது சீரான முறை; அந்த விஷயத்தில் உங்கள் கணவர் செய்வது சரி. அவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானி வைக்கச் சொல்லுங்கள், உங்கள் கேக்குக்கும் அது நல்லது. மைக்ரோவேவ் பக்கம் உளியோடு போகவே கூடாது. தோய்ச்ச எண்ணெய் சமையலுக்குத் திரும்பக் கூடாது. வாடகையாக ஒரு பூரிக்கட்டை கடைந்து தரச் சொல்லுங்கள்.

கே: சாணை பிடிக்கும்போது உளி மூக்கு நீலமாகிவிட்டது. போச்சா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: என்ன உளி என்பதைப் பொறுத்தது. ஓ.எச்.என்.எஸ். என்றால், ஆமாம், நீலம் வந்த இடம் போயிற்று. 300 டிகிரி வரை ஏறி மெதுவாகிவிட்டது. அந்த நீலம் முழுக்கத் தேயும்வரை பொறுமையாக, அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சாணை பிடியுங்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் என்றால் நீலத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 600 டிகிரியை நெருங்கும்வரை அது தன் கடினத்தை விடாது. அமெரிக்காவில் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் இதை உருவாக்கி, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். மூக்கு சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவிக்கொண்டே போன உளியைப் பார்த்து ஐரோப்பியப் பட்டறைக்காரர்கள் அசந்துபோனார்கள். அதைச் சூட்டோடு தண்ணீரில் முக்காதீர்கள், நுண்ணிய விரிசல் விடும். அதை வீட்டில் தோய்ச்சல் போடவும் முடியாது, 1200 டிகிரி வாக்கில் வேண்டும். கடினமாக்கியே விற்கும் லேத் டூல் பிட்டை வாங்கி, மூக்கை மட்டும் சாணை பிடித்து, சாதா இரும்புத் தண்டில் திருகால் பொருத்திக்கொள்ளுங்கள். வளைந்த மூக்குச் சிமிழ் உளிக்கு இதுவே நல்ல வழி.

கே: பாத்திரத்தின் ஆழத்துக்குப் போனதும் உளி கீச்சென்று பாடுகிறது, மரத்தில் வரி வரியாக விழுகிறது.
– ஒரு வாசகர், புதுச்சேரி

ப: தண்டு அதிர்கிறது. டூல் ரெஸ்டுக்கு வெளியே நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்குத் தண்டு எட்டு மடங்கு வளையும். உருண்டைத் தண்டின் விட்டத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்காகும். இரண்டே மில்லிமீட்டர்! ஆகவே சிமிழின் வாய் அனுமதிக்கிற அளவுக்குத் தடித்த தண்டு போடுங்கள், ரெஸ்டை உள்ளே தள்ளுங்கள். பிடியையும் நீளமாகக் கடைந்துகொள்ளுங்கள், வாயில் பித்தளைப் பூண் போட்டு.

கே: கார்பைடு வில்லை?
– ஒரு வாசகர், ஓசூர்

ப: சாணையே வேண்டாம் என்பவருக்கு வரம். சதுரத் தண்டின் நுனியில் வில்லை உட்காரும் அளவுக்குத் தட்டையாக ராவி, எம்-4 திருகுக்கு 3.3 மில்லிமீட்டர் துளை போட்டு மரை வெட்டுங்கள். ஒரு பகலில் முடியும். நன்றாகத் தீட்டிய உருக்கு விடும் வழவழப்பை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கே: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா பட்டறையில் லேத் இருக்கிறது. முதலில் எந்த உளி செய்யட்டும்?
– ஒரு மாணவி, அம்பாசமுத்திரம்

ப: சொப்புச் சாமான் கடைகிற ஊரிலிருந்து கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம், தங்கையே. சுரண்டுகிற உளியில் தொடங்கு. 6 மில்லிமீட்டர் கனம், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓ.எச்.என்.எஸ். பட்டை ஒரு முழம். மூக்கை அரைவட்டமாக ராவு. மேற்பரப்புக்கும் சாய்வுக்கும் நடுவே 70–75 டிகிரி இருக்கட்டும். நெருப்பு வேலையை அப்பா பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய். சாணை பிடித்ததும் விளிம்பில் விரலால் உணரக்கூடிய ஒரு பிசிர் நிற்கும். அதைத் துடைத்தெறியாதே, சீவுவது அந்தப் பிசிர்தான். மரத்தில் வைக்கும்போது பிடியைச் சற்றே உயர்த்தி, மூக்கு தாழ்ந்திருக்கும்படி பிடி. மேல்நோக்கிக் குத்தினால் மரம் இழுத்துவிடும். சுருள் சுருளாக வந்த சீவல் தூளாக மாறினால் பிசிர் தேய்ந்துவிட்டது என்று பொருள், மறுபடி சாணைக்குப் போ. முகக் கவசம் இல்லாமல் லேத்தை ஓட்டாதே. முதல் சொப்பைக் கடைந்ததும் அதன் அளவையும், எந்த இடத்தில் உளி எட்டவில்லை என்பதையும் எனக்கு எழுது. இரண்டாவது உளிக்கு மூக்கை எந்தப் பக்கம் வளைப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.