கூட்டாண்மையும் குடைராட்டினமும்

அரசு, தனியார் நிறுவனம், தொண்டமைப்பு ஆகியவை செலவையும் பெயரையும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடே வளர்ச்சித் துறையில் கூட்டாண்மை எனப்படுகிறது. பெயரைப் பங்கிடுவதில் மட்டும் தகராறு வருவதில்லை. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அச்சுழற்சியே நிலத்தடி நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ‘பிளேபம்ப்’ என்னும் பொறியை, 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 இடங்களில் நிறுவுவதென 2006இல் நியூயார்க்கில் 1.64 கோடி டாலர் கூட்டாண்மை அறிவிக்கப்பட்டது. தொட்டியின் நாற்புற விளம்பரப் பலகைகளே பராமரிப்புச் செலவை ஈட்டிவிடுமாம். கையில் காசில்லாதவர்களிடம் எதை விற்பது என்பதுதான் விளம்பரதாரர்களுக்கு விளங்கவில்லை. ஒரு பம்பு 2,500 பேருக்கு நீர் வழங்க வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் நாளிதழ் கணக்கிட்டது. பள்ளி மணி அடித்ததும் குழந்தைகள் போய்விட, அந்த வண்ணச் சக்கரத்தைக் குனிந்து தள்ளியவர்கள் குடத்துடன் வந்த பெண்கள்; நன்றாக இயங்கிய பழைய கைப்பம்பு சில ஊர்களில் இதற்காகவே பிடுங்கப்பட்டிருந்தது.