ட்ரிக்கர் இலக்கணம்: வழுக்களும் அமைதிகளும்

ட்ரிக்கர் என்பது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் சினாரியோ எடிட்டரில் எழுதப்படும் வாக்கியம். 1999இல் விளையாட்டு வந்த அதே சிடியில் எடிட்டரும் இருந்தது. விளையாடியவர் பலர், எடிட்டரைத் திறந்தவர் சிலர், திறந்து ஒரு ட்ரிக்கரையாவது ஓடவைத்தவர் அச்சிலருள்ளும் சிலர். இக்கட்டுரை அந்தக் கடைசி வகுப்பாரைப் பற்றியது.

ட்ரிக்கருக்கு உறுப்பு இரண்டு. கண்டிஷன் எச்சம், எஃபெக்ட் முற்று. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை ஒன்பதாக வகுக்கிறது. எடிட்டருக்கு அவற்றுள் ‘செயின்’ ஒன்றே போதும்: வீரன் வரின் கதவு திறக்கும். ஒரே ட்ரிக்கரில் கண்டிஷன்கள் பல இருந்தால் அத்தனையும் நிறைவேற வேண்டும். அதாவது பழைய எடிட்டரில் ‘உம்’ உண்டு, ‘அல்லது’ கிடையாது. ‘அல்லது’ வேண்டுவோர் அதே முற்றை இரண்டு ட்ரிக்கராக எழுதிக்கொள்வர். எச்சமே இல்லாத முற்று, ஆட்டம் தொடங்கியவுடன் நிகழ்ந்துவிடும். வெற்றி அறிவிக்கும் எஃபெக்டுக்குக் கண்டிஷன் வைக்க மறந்தவர் வரைபடம் திறந்த கணமே வென்று, என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பார்.

நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்கிறது. எடிட்டரில் உயிரை வாங்குபவை இரண்டு.

முதலாவது இடவழு. சென்னைப் புறநகரான ஆவடியை வரைய முற்படுபவரை எடுத்துக்கொள்ளலாம். பழைய எடிட்டரில் மிகச் சிறிய வரைபடம் 120க்கு 120 கட்டம். பருத்திப்பட்டு ஏரிக்கும் டாங்கித் தொழிற்சாலை மதிலுக்கும் அது தாராளம். திரையின் இடப்பக்கம் ஆவடி, வலப்பக்கம் அம்பத்தூர், நடுவே அண்ணனூர், திருமுல்லைவாயில் வழியாக நேர்கோட்டில் தண்டவாளம். தண்டவாளத்தில் எவரேனும் கால்வைத்தால் எச்சரிக்கை வர வேண்டும் என்று ஆவடி முதல் அம்பத்தூர் வரை ஒரு பகுதியைக் குறிக்கிறார். ஆனால் வரைபடம் திரையில் வைரம்போல் சாய்ந்து கிடப்பது. கண்ணுக்குக் கிடைக்கோடாகத் தெரிவது கட்டங்களுக்கு மூலைவிட்டம். இட மூலையையும் வல மூலையையும் எதிர்முனைகளாகக் கொண்ட செவ்வகம் வரைபடம் முழுவதையும் விழுங்கிவிடும். வடக்கே செங்குன்றத்தில் நின்றாலும் தெற்கே பூந்தமல்லியில் நின்றாலும் எச்சரிக்கை வரும். அமைதி: தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் குறித்துத் துண்டுக்கொரு ட்ரிக்கர் எழுதுவது. பொறுமை இல்லாதவர் ரயில் பாதையையே சாய்த்துப் போடுவர். ஊர் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும்.

இரண்டாவது காலவழு. லூப்பிங் இல்லாத ட்ரிக்கர் ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்துவிடும். லூப்பிங் போட்டு டைமர் வைக்காத ட்ரிக்கர் ஓயவே ஓயாது. மூர் மார்க்கெட் ரயில் வருவதாக ஒருமுறை சொல்ல வைத்த அறிவிப்பு, திரை நிறைய அதையே சொல்லிக்கொண்டிருக்கும். அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில். பழைய விளையாட்டுக்கு யூனிகோடு தெரியாது.

இவற்றோடு வேற்றுமை மயக்கத்தையும் சேர்க்க வேண்டும். செம்மறியாடு தொடக்கத்தில் யாருக்கும் சொந்தமல்ல. ‘கையா’ எனப்படும் இயற்கையின் உடைமை. முதலில் எந்த ஆட்டக்காரர் கண்ணில் படுகிறதோ அவருடையதாகிவிடும். ‘கையாவின் ஆடு பட்டிக்கு வரின்’ என்று எழுதியவர், ஆட்டை ஓட்டிவந்து பட்டியில் நிறுத்திவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்கலாம். ஆடு வந்துவிட்டது, ஆறாம் வேற்றுமைதான் மாறிவிட்டது.

கணினி எதிரியின் புத்தியை எழுதும் ஸ்கிரிப்ட் தனி இயல். அதில் ஒவ்வொரு விதியும் அடைப்புக்குறிக்குள் அடங்கும். ஒரு குறி மூடாவிட்டால் மொத்தமும் படுத்துவிடும். விதியின் இறுதியில் தன்னைத்தானே முடக்கிக்கொள்ளும் கட்டளை இல்லாவிட்டால் மேற்சொன்ன காலவழு இங்கும் வரும். ஸ்கிரிப்ட் கோப்புக்குத் துணையாக அதே பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றும் வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாமல் பட்டியலில் பெயர் வராது. பிள்ளையார் சுழியை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வழு காணும் முறை எளிது: ட்ரிக்கர்தோறும் ஓர் அரட்டைச் செய்தியைச் செருகி, எது பேசவில்லை என்று பார்ப்பது. பெரும்பாலோர் இதைச் செய்யாமல் காரணம் கற்பிப்பர். தன் பெயரையே கவச வாகனக் கிடங்கின் ஆங்கிலச் சுருக்கமாக விரித்துச் சொல்லும் ஆவடியில் இது இயல்பே.

டாங்கி பற்றியும் ஒரு குறிப்பு. 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடியை வரைபவருக்கு எடிட்டர் டாங்கி தராது. கோட்டைக் கதவை இடிக்கும் மரப்பொறியே கிட்டிய உறவு. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பு திராவிடர்களையும் ராஜேந்திர சோழன் படையெடுப்பையும் சேர்த்தது. அதில் திராவிடர்களுக்கு அந்த மரப்பொறியும் இல்லை, பதிலுக்குக் கவச யானை. புதிய எடிட்டரில் ‘அல்லது’ வந்துவிட்டது. செம்மறியாடு இன்றும் முதலில் பார்த்தவருடையதே.