பழமும் பையும்

கல்வராயன் மலைப் பலாப்பழத்துக்கும் பாலிதீன் கவருக்கும் சொந்தம் என்கிறாரே என் பேரனின் கெமிஸ்ட்ரி வாத்தியார். கதைதானே?
— ஒரு வாசகர், கச்சிராயபாளையம்

பங்காளிகளேதான்! பலா பழுக்கும்போது விடும் வாயு எத்திலீன். அதே எத்திலீனின் இரட்டைப் பிணைப்பில் ஒன்றை அவிழ்த்து, ஆயிரக்கணக்கில் கைகோக்க வைத்தால் பாலிதீன். (ஆலைக்காரர்கள் பழத்தைப் பிழிவதில்லை, நாப்தாவை உடைத்து எடுக்கிறார்கள்.) 1933-ல் இங்கிலாந்தில் வேறெதற்கோ சோதனை செய்தபோது, பாத்திரத்தில் வெள்ளை மெழுகாக ஒட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை இது.

பழம் நாலு நாளில் அழுகி மண்ணோடு மண்ணாகும். பங்காளி அசைய மாட்டான். தமிழ்நாட்டில் கவருக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1. உங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயமானது அதே ஆண்டு நவம்பரில். மாவட்டத்துக்கே மூத்தது தடை!

அது சரி, பலாச்சுளையை எதில் வாங்கி வந்தீர்கள்?