திமிலுக்கு ஒரு சேணம்

கேதார்நாத் ஏற்றம் தொடங்கும் கௌரிகுண்டில் கைடு கதையை ஆரம்பிப்பார். உறவுகளைக் கொன்ற பாவத்தைத் தொலைக்கப் பாண்டவர்கள் தேடி வந்தார்களாம். அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சிவன் எருதாகி ஓடினாராம். பீமன் பாய்ந்து பிடிப்பதற்குள் பூமிக்குள் புகுந்துவிட்டார். வெளியே நின்ற திமில்தான் கேதாரலிங்கம். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கை இறங்குமுன் பேரம் தொடங்கிவிடும்: “குதிரை எவ்வளவுப்பா?”

குதிரை என்பது ஒரு மரியாதைக்கு. பெரும்பாலும் கோவேறு கழுதைதான். 16 கிலோமீட்டர் ஏற்றம், உச்சியில் 3,583 மீட்டர், முதுகில் எண்பது கிலோ பக்தி. சேணத்தின் அடியில் புண் பழுத்து ஈ மொய்க்கும். சாணமும் மழைச் சேறும் குழைந்த கல்லில் குளம்பு வழுக்கும். மேலே இருப்பவர் அலறுவது அதற்காக அல்ல, செல்போன் நழுவியதற்காக. 2022 யாத்திரையில் செத்த விலங்குகள் நூறைத் தாண்டின. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. புண்ணியம் குறைந்ததாகத் தகவல் இல்லை.

மிருகத்தின் மேல் ஏறக் கூசும் கருணைசாலிகளுக்குக் ‘கண்டி’ இருக்கிறது. கூடையில் நம்மை உட்காரவைத்து நேபாளத்துத் தொழிலாளி முதுகில் சுமப்பார். மூச்சுத் திணறாமலிருக்க நாம் கற்பூரத்தை முகர்ந்துகொண்டே நமசிவாய சொல்லலாம். மூச்சு வாங்குவது அவருக்கு.

2013 ஜூனில் மலை ஒருமுறை பதில் சொன்னது. சோராபாரி ஏரி உடைந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கோயிலுக்குப் பின்னால் உருண்டு வந்து நின்ற பாறைக்கு ‘பீம்ஷிலா’ என்று பெயர் சூட்டிக் கும்பிடுகிறோம். வழியில் இருந்த ராம்பாடா என்ற ஊர் அடையாளமில்லாமல் போனது. பெயர் சூட்ட அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. நாம் கற்ற பாடம்? இன்னும் சீக்கிரம் மேலே போவது எப்படி என்பதுதான். பள்ளத்தாக்கு முழுக்க ஹெலிகாப்டர் இரைச்சல். போதாதென்று 2025இல் 4,081 கோடி ரூபாயில் 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கும் ஒப்புதல் ஆகிவிட்டது.

சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். யார் முதுகும் நோகவில்லை. பாவம், பேக்கேஜ் இல்லாத காலம்.

சிவன் மறுபடியும் விலங்காகி ஓடி வந்தால் பிடிக்கப் பீமன் வேண்டாம். கௌரிகுண்டில் சேணம் தயாராக இருக்கிறது. கட்டிப்போட்டுக் கழுத்தில் நம்பர் மாட்டி, “ஏறுங்க மாமி” என்பார்கள். மாமியும் ஏறுவாள், கன்னத்தில் போட்டுக்கொண்டே.