நீல நாக்கு வைத்தியம்

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு உடல்நல ஞானம் திடீரென்று பிறக்கும். எனக்கு அது ரொறன்ரோவில் ஒரு கடையின் ஃபிரீசர் பக்கம் பிறந்தது. காட்டுப் புளூபெரியைப் புதுசாகத் தின்ன ஆசையென்றால் ஆகஸ்டில் சட்பரிப் பக்கம் போய் வீதியோரத்தில் வாங்கலாம். மற்றபடி அநேகமாக எல்லாமே உறைய வைத்துப் பையில் வருவதுதான். பெரிய பையாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"பெரிய பழம் மலிவாக் கிடக்கேக்க, இந்த மிளகுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்றாள் மனைவி.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் நான். அந்தப் பெரிய பழம் நியூ ஜெர்சியில் பழக்கியெடுத்து 1916இல் சந்தைக்கு வந்த தோட்டத்து இனம். செடி ஆளுயரம் வளரும். காட்டுப் புளூபெரியை ஒருவரும் நடுவதில்லை. நோவா ஸ்கோஷியா, கியூபெக், அமெரிக்காவின் மெயின் பக்கத்துப் புளிப்பு மண்ணில் நிலத்தடித் தண்டு விட்டுத் தானே பரவும், முழங்கால்கூட எட்டாது. அடியோடு வெட்டியோ எரித்தோ விட்டால் ஒரு வருஷம் சும்மா வளர்ந்து மறுவருஷம் காய்க்கும். அந்தோசயனின் என்ற அந்த நீலச் சத்து பெரும்பாலும் தோலில்தான். பழம் சிறுக்கச் சிறுக்க, அதே கோப்பைக்குள் தோல் கூடும். நார்ச்சத்தும் உண்டு, மாங்கனீஸ் ஒரு கோப்பையிலேயே அன்றைய தேவையைத் தாண்டிவிடும்.

"குள்ளமானதுக்குத்தான் சத்து" என்று முடித்தேன். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அமெரிக்கத் தாதியரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானதையும் எடுத்துவிட்டேன்: புளூபெரியும் ஸ்ட்ராபெரியும் கூடச் சாப்பிட்ட வயதான பெண்களுக்கு நினைவாற்றல் மெதுவாகத்தான் தேய்ந்ததாம்.

"அப்ப இது பெண்களுக்கெல்லோ" என்று கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். கலியாணத்துக்கு முந்தி நான் கொடுத்த வாக்குகளில் ஒன்றுகூட அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இதற்கு மேலும் கூர்மையா? பயத்தில் நானும் இழுத்தேன். உறைந்த பழம் இளகினால் சாறாகாது, மையாகும். என் வெள்ளை வேட்டிக்கு அன்றைக்குக் கிடைத்த அந்தோசயனின் எனக்கு ஆயுளில் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்ப மாவிலும் ஒரு கை போட்டேன். அப்பச்சோடா பட்டால் அந்த நீலம் பச்சையாக மாறும் என்று பையில் எழுதியிருக்கவில்லை. பாசி பிடித்த கிணற்றுக்கட்டு மாதிரி வந்த அப்பத்தைப் பிள்ளைகள் படமெடுத்தார்கள், தின்னவில்லை. நார்ச்சத்து வீணாகக்கூடாதென்று எல்லாவற்றையும் நானே தின்றேன்.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த குடும்ப வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார். நீலம். பெருமையாகக் காரணம் சொன்னேன்.

"நல்ல பழம்தான். எதோட சாப்பிடுறனீங்கள்?"

"ஐஸ்கிரீமோட."

"எவ்வளவு ஐஸ்கிரீம்?"

"பழம் தாழுற அளவுக்கு, டொக்டர்."